எழுத மட்டும் அனுமதி

ஸ்ரீவில்லிபுத்தூர்
24-7-2025

மச்சானுக்கு,

பாண்டிதுரை எழுதுறது. போன்ல பேசுனா என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியாது. அதான் பேப்பர்ல எழுதுறேன்.

நேத்துக் காலையில ஆறு மணிக்கு உங்க தங்கச்சி போன் சத்தம் போட்டுச்சு. குருவு போயி எட்டு மாசம் ஆச்சு. அவ போனை இன்னும் சார்ஜ் போட்டு அவ கட்டில் பக்கத்துலயே வச்சிருக்கேன். யாருடா இந்நேரம்னு எடுத்துப் பாத்தா உங்க பேரு. "அன்புத் தங்கை குருவம்மாளுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க. அண்ணன் சேதுபதி."

கொள்ளி வைக்கிற அன்னிக்கு என் பக்கத்துலதான மச்சான் நின்னீங்க?

உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்து பெங்களூர்ல இருக்க என் மக காளீஸ்வரிக்குப் போன் போட்டேன். அவ சொல்றா, "அப்பா, மாமா கையால அனுப்பலப்பா. கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் எழுதி வச்சிருக்காங்க. அது தேதியைப் பாத்துத் தானா அனுப்பும். எல்லா வருஷமும் அப்படித்தான்."

எல்லா வருஷமும்!

காது போன பொறவு அவளுக்கு இன்டர்நெட்டுல எழுதிப் பேசிக்கிடுற அந்த 'ஊர்ப்பேச்சு'தான் உலகம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் காலையில என்னைப் புடிச்சு உலுக்குவா. "ஏங்க, எந்திரிங்க. இந்தா பாருங்க. எங்கண்ணன் கண்ணு முழிச்சதும் மொத வேலையா என்னத்தான் நெனைக்கான். நீங்க இன்னும் கொறட்டை விடுதீய"ம்பா. ஆறு வருசம் அந்தப் பெருமையைக் கேட்டவன் நான். அதெல்லாம் ஒரு மிஷினு அனுப்புனதாக்கும்.

நீங்க காலேஜ்ல புள்ளியியல் சொல்லிக் குடுத்தவிய. தங்கச்சிக்கு ஒரு வரி எழுதக் கையா வலிச்சுது?

இனி இந்த வாசப்படி ஏற வேண்டாம். பதிலும் வேண்டாம்.

பாண்டிதுரை


இராஜபாளையம்
29-7-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எழுதாமல் இருப்பதே மரியாதை என்று முதலில் நினைத்தேன். பிறகு, இதுவரை மரியாதை என்று நினைத்து நான் செய்தவை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கின்றன என்று பார்த்தேன். ஆகவே எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரிதான்.

காளீஸ்வரி சொன்னது உண்மை. எப்படி என்று சொல்லிவிடுகிறேன். விளக்கம் சொல்வது சமாதானம் ஆகாது என்று தெரியும். எனக்கு வேறு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

2018இல் அவள் பிறந்தநாளை நான் மறந்துபோனேன். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அதோடு போயிருக்கும். ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் என்னை அரித்தது. மறதி இன்னும் கூடும் வயது. அவள் ஊர்ப்பேச்சில் சேர்ந்த பிறகு நானும் ஒரு கணக்குத் தொடங்கினேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்கக் கூசியது. அப்போதுதான் ஒரு வழி கிடைத்தது. அந்தத் தளத்தோடு நம் கணினியே பேசிக்கொள்வதற்கு, யாரோ ஒரு புண்ணியவான் எழுதி எல்லாருக்கும் பொதுவில் வைத்திருக்கும் நிரல்தொகுப்பு ஒன்று உண்டு. லைப்ரரி என்பார்கள். அதை இறக்கிக்கொண்டால், தளத்தைத் திறக்காமலே நாலு வரி நிரலில் செய்தி அனுப்பலாம். நான் ஓய்வுபெற்ற பிறகு பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றவன். நாலு வரி எழுத நாலு மாதம் ஆயிற்று.

உள்ளே நுழைய டோக்கன் என்று ஓர் அனுமதிச்சீட்டு வேண்டும். அதைத் தரும்போது தளம் கேட்டது: வாசிக்க அனுமதி வேண்டுமா, எழுத அனுமதி வேண்டுமா? தேவைக்கு மேல் எதையும் கேட்டு வாங்குவது என் பழக்கம் இல்லை. பிறர் எழுதுவதை எட்டிப் பார்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை. 'எழுத' என்ற கட்டத்தில் மட்டும் குறியிட்டேன். அன்று முதல் என் கணினி காலை ஆறு மணிக்கு விழிக்கும். தேதியைப் பார்க்கும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் வாழ்த்தும்.

அனுப்பியது யந்திரம்தான். ஆனால் அந்த வாக்கியம் நான் எழுதியது, மாப்பிள்ளை. அதை அமைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. 'நீடூழி' என்று முதலில் போட்டிருந்தேன். அது மேடைப் பேச்சுப்போல இருந்ததால் 'நூறாண்டு' என்று மாற்றினேன்.

போன மார்கழியில் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுப்பதற்காகக் கோப்பைத் திறந்தேன். ஒரு வரியை அழிக்கும் வேலைதான். கை வரவில்லை. மூடி வைத்துவிட்டேன். அது ஆடியில் இப்படி உங்கள் வீட்டுக்கு வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது நிரலை நிறுத்திவிட்டேன். ஆறு மணிக்கு மில் சங்கு மட்டும் ஊதுகிறது.

சேதுபதி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8-9-2025

மச்சானுக்கு,

கோபம் தீந்துருச்சுன்னு நெனைச்சுக்கிட வேண்டாம். இது வேற விசயம்.

ஊர்ப்பேச்சை மூடப் போறாங்களாம். நடத்துறவங்க கைக்காசு போட்டு நடத்துன தளம், இனி முடியலன்னு அறிவிப்புப் போட்டுட்டாங்க. அக்டோபர் 31 வரைக்குந்தான். அதுக்குப் பொறவு உள்ள இருக்கிறது அம்புட்டும் அழிஞ்சிரும்.

நான் தினம் மத்தியானம் சாப்ட்டுட்டு அவ எழுதுனதைத்தான் வாசிப்பேன். வேற எவனும் பாக்க முடியாதபடி நெருங்குன ஆளுகளுக்கு மட்டும்னு வச்சு எழுதியிருக்கா. வலது காது முழுசாப் போயி, இடதுல மட்டும் துளி மிச்சம் இருந்த காலம். ஒரு நாள் எழுதியிருக்கா: "குக்கர் விசில் கேக்காது. மேல வெயிட்டு ஆடுறதை எண்ணி இறக்குவேன்." இன்னொரு நாள்: "வீட்டுக்காரவிய கொறட்டை விடுறது கட்டில் நடுங்குறதுல தெரியும். அவிய ஒத்துக்கிட மாட்டாவிய." இதையும் எழுதி வச்சிருக்கா பாருங்க. தேரோட்டத்து அன்னிக்கு எழுதுனது இது: "வடம் புடிக்கிற சத்தம் காதுல கேக்கல. காலுல கேக்குது."

இருபத்திரண்டு வருசம் பட்டாளத்துல இருந்தவன் நான். அவளோட இருந்த நாளை விட அவ எழுத்தோட இருந்த நாள்தான் அதிகம். இப்பவும் அதுதான் மிச்சம். அதுவும் போயிரும்னா எனக்கு மத்தியானம் இல்ல.

காளீஸ்வரிக்கு ஆபீஸ் வேலை. "ஸ்கிரீன்ஷாட் எடுங்கப்பா"ங்கா. எனக்கு அது வரல, என் போனால அவ போனைப் படம் புடிச்சேன். பாதில என் கட்டவெரல் படமா வருது.

உங்க மிஷினு எழுத மட்டுந்தான் செய்யுமா? எடுத்துத் தருமா?

கேக்க எனக்கு வெக்கமாத்தான் இருக்கு.

பாண்டிதுரை


இராஜபாளையம்
12-9-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எடுத்துத் தரும். அதே லைப்ரரிதான். அவள் எழுதிய முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, படங்களோடு, தேதி வாரியாக இறக்கி வைக்கலாம். தளத்திலேயே மொத்தமாக வாங்கும் வசதியும் உண்டு. ஆனால் அது அவளுடைய மின்னஞ்சலுக்குத்தான் வரும். அதன் கடவுச்சொல் நமக்குத் தெரியாது.

என் டோக்கன் இதற்கு உதவாது. அவள் கணக்கின் பேரில் புதிதாக ஒன்று வேண்டும். என் கணினியிலிருந்து ஒரு முகவரி வரும். அதை அவள் போனில் திறந்து, 'சம்மதம்' என்று அழுத்தினால், பெரிதும் சிறிதுமாக ஆங்கில எழுத்துகள் கலந்த நீளமான ஒரு குறியீடு தோன்றும். அதை என் கணினியில் இட வேண்டும்.

இதை முழுக்கத் தபாலிலேயே செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. அந்தக் குறியீட்டுக்கு ஆயுள் பத்து நிமிடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தபால் பெட்டியின் மூடி விழுவதற்குள் அது செத்துவிடும். போனில் நீங்கள் சொல்லி நான் எழுதுவது என்றால், நம் இருவர் கண்ணையும் காதையும் நம்பிப் பத்து நிமிடத்தில் ஆகிற வேலையாகத் தெரியவில்லை.

போனும் கணினியும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது.

வாசப்படி ஏற வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. ஆகவே ஒரு யோசனை. நான் மடிக்கணினியோடு உங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு வருகிறேன். அங்கே டீக்கடையில் வைத்து முடித்துக்கொள்ளலாம். அதுவும் சரிப்படாது என்றால் நீங்கள் போனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கலாம். எது உங்களுக்குச் சிரமம் இல்லையோ அதன்படி.

சேதுபதி


ஸ்ரீவில்லிபுத்தூர்
16-9-2025

மச்சானுக்கு,

டீக்கடையில வச்சுக் கைமாத்திக்கிட நாம என்ன கஞ்சா யாவாரமா பண்ணுறோம்? எழுபத்தாறு வயசுல உங்களுக்கு இந்த யோசனை எங்கேருந்துதான் வருதோ.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வாங்க. சாப்பாடு உண்டு. பேச்சு கெடையாது.

பாண்டிதுரை


இராஜபாளையம்
27-9-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இறக்கியவை அனைத்தையும் இந்தப் பென்டிரைவில் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வருடம், மாதம் என்று பிரித்திருக்கிறேன். காளீஸ்வரி வரும்போது டிவியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாகத் தெரியும்.

ஞாயிறன்று வேலை சாயங்காலம் வரை இழுத்ததற்கு நான் காரணம் அல்ல. ஒரே மூச்சில் அத்தனையையும் கேட்டால் தளம் தராது. கொஞ்சம் கொடுத்துவிட்டு, காத்திரு என்னும். லைப்ரரியும் சொன்னபடி காத்திருக்கும். அதோடு நாமும் காத்திருந்தோம். நீங்கள் சொன்னது போலவே பேசவில்லை. இரண்டாம் முறை நீங்கள் ரசம் ஊற்றியபோது போதும் என்று சொல்ல வாயெடுத்து, அதுவும் பேச்சாகிவிடுமே என்று குடித்துவிட்டேன்.

இனி எழுதப்போவதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, விடுபட்டது ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அப்போது அவள் எழுதியவற்றில் சில, எனக்கு மட்டும் தெரியும்படி எழுதியவை என்று கண்டேன். எல்லாம் ஜூலை 23. நான் அனுப்பிய ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவள் பதில் போட்டிருக்கிறாள், மாப்பிள்ளை. என் நிரலுக்கு எழுத மட்டுமே அனுமதி. வாசிக்கும் கட்டத்தில் நான் குறியிடவில்லை. பதில் வந்தால் தெரிவிக்கும் மின்னஞ்சலையும், தொந்தரவு என்று அன்றே நிறுத்திவிட்டேன். அதன்பிறகு தளத்தைத் திறந்து பார்க்கவே இல்லை.

அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

2019: "அண்ணே, வாழ்த்துப் பாத்தேன். காது ரொம்ப மோசம். நீ போன்ல பேசுறது கிணத்துக்குள்ள இருந்து வாரது மாதிரி இருக்கு. இனி நாம இதுலயே பேசிக்கிடுவோம். சரியா?"

2020: "ஊரடங்குல ஒத்தையில சாப்பாட்டுக்கு என்ன பண்ணுற? கேட்டா பதில் சொல்லு."

2021: "நீ சின்னதுலயே அப்படித்தான். பத்து கேட்டா ஒன்னுக்குத் தலையாட்டுவ. இதுல தலையாட்டுனாத் தெரியாதுண்ணே."

2022: "டாண்ணு ஆறு மணி. காலேஜ் பெல்லு மாதிரி. நீ மாறவே இல்ல."

2023: "போன வருசம் எழுதுன அதே வரி. இருக்கட்டும். மாத்தாத. எனக்கு மனப்பாடம்."

2024: "ஆடிப்பூரத்துக்கு வா. தேர் பாக்க இல்ல, கூட்டம் நமக்கு ஆகாது. எங்கூடச் செத்த நேரம் சும்மா உக்காரு. பேச வேண்டாம். எனக்கும் கேக்காது."

அந்த ஆடிப்பூரத்தன்று நான் இங்கேதான் இருந்தேன். ஒரு வேலையும் இல்லை. அரை மணி நேர பஸ்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தபோதெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள்.

உங்களிடம் அவள் ஏதாவது சொன்னதுண்டா?

சேதுபதி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3-10-2025

மச்சானுக்கு,

உங்க கடுதாசியை வாசிச்சுட்டு செத்த நேரம் வெளிய போயி நின்னேன். பொறவு உள்ள வந்து மறுக்கா வாசிச்சேன்.

சொல்லியிருக்கா. பிறந்தநாள் அன்னிக்குப் பகல் பூரா போனைத் தூக்கித் தூக்கிப் பாப்பா. "என்னட்டி, அண்ணன் பதில் போட்டாரா"ன்னு சிலேட்டுல எழுதிக் கேப்பேன். "வாசிச்சிருப்பான். சொல்லத் தெரியாது அவனுக்கு"ம்பா. நேர்லயே கேளேன்னா, "எழுத்துல கேட்டதுக்கு எழுத்துலயே வரட்டும். நான் என்ன அவசரத்துலயா இருக்கேன்"ம்பா. ஒரு நாளும் உங்களைக் கொறையாப் பேசல. நான்தான் பேசுவேன். பேசுனா எனக்குக் காப்பி வராது.

வாசிக்கலங்கிறது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்க கம்ப்யூட்டரைத் தூக்கிக் கெணத்துல போட்டிருப்பா. பொறவு உங்களுக்குச் சோறு போட்டிருப்பா.

ஒன்னு சொல்றேன் கேளுங்க. லடாக்ல இருந்தப்ப ஆறு மாசம் ரோடு மூடியிருக்கும். பனி உருகுன பொறவு அவ கடுதாசியெல்லாம் ஒரே கட்டா வரும். புள்ளைக்குக் காய்ச்சல், என்ன செய்யன்னு மார்கழில எழுதியிருப்பா. நான் வாசிக்கையில சித்திரை. காய்ச்சல் எப்பவோ விட்டு அது தெருவுல ஓடி வெளாடிக்கிட்டு இருக்கும். இருந்தாலும் உக்காந்து பதில் எழுதுவேன், கஷாயம் வச்சுக் குடுன்னு. கூட இருக்கவன் சிரிப்பான். எழுதாம எப்படி இருக்க முடியும் மச்சான்? கேட்டிருக்காளே.

நீங்களும் பதில் போடுங்க. 31ஆம் தேதி வரைக்கும் தளம் இருக்கு. அவ போனு இங்க என் பக்கத்துல இருக்கு.

அந்த லைப்ரரிய வச்சு எழுதாதீங்க. கையால எழுதுங்க.

பாண்டிதுரை


இராஜபாளையம்
9-10-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ஊர்ப்பேச்சுக்குள் முதன்முதலாகப் போய்க் கண்ணால் பார்த்தேன். அவள் படம் இருக்கிறது. நீங்கள் எடுத்ததாக இருக்க வேண்டும், மூலையில் ஒரு கட்டைவிரல் தெரிகிறது. சிரிக்கிறாள்.

பதில்களை முதலில் தாளில் எழுதிப் பார்த்தேன். பிறகு தளத்தில் தட்டினேன். அனுப்பும் பொத்தானுக்கு வந்ததும் விரல் நின்றுவிடுகிறது. லைப்ரரிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதற்கு விரல் கிடையாது. இத்தனை தாமதமாக எழுதும் பதில் ஒரு பாசாங்காக ஆகிவிடுமோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் சித்திரையில் எழுதியபோது வாசிக்க அவள் இருந்தாள்.

முதல் ஐந்துக்கும் எப்படியோ எழுதிவிட்டேன். கடைசியில்தான் நிற்கிறேன். வா என்று கூப்பிட்டிருக்கிறாள். வருகிறேன் என்று எழுதலாம். எழுதிவிட்டு எங்கே போவது, யாரோடு உட்காருவது?

தைரியம் வந்தால் நாளைக்கு அனுப்புவேன்.

சேதுபதி


ஸ்ரீவில்லிபுத்தூர்
13-10-2025

மச்சானுக்கு,

வந்துருச்சு.

நான் எழுதச் சொன்ன நாள்லேருந்து தினம் பண்ணுற மாதிரியே வெள்ளிக்கிழமையும் காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒன்னும் வரல. சரி, இவரு வழக்கம்போல நின்னுட்டாருன்னு பல்லு வெளக்கப் போயிட்டேன். பத்தரைக்கு ஒன்னு வந்துச்சு. பொறவு மத்தியானம் வரைக்கும் சத்தமே இல்ல. சாப்புடுறப்ப அடுத்தடுத்து ரெண்டு. நாலு மணிக்கு ஒன்னு, வெளக்கு வைக்கிற நேரம் ஒன்னு. நேரங்கெட்ட நேரமா வரவும்தான் எனக்கு மனசு நெறைஞ்சுது. இது மிஷினு இல்ல, எங்க மச்சானுதான்.

ஒவ்வொன்னையும் சத்தமா வாசிச்சேன். ஊரடங்குல "கஞ்சியும் துவையலும். பயப்படாதே குருவு" இருக்கு பாருங்க, அதுக்கு அவ உங்களை நல்லா வஞ்சிருப்பா. மூனு மாசம் வெறுங்கஞ்சியா? "தலையாட்டினேன். தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன்: ஆமாம், ஆமாம், ஆமாம்"னு போட்டிருக்கீங்களே, அதை என்னால ஒரே மூச்சுல வாசிக்க முடியல.

கடைசி ஒன்னு மறுநாள் மத்தியானம்தான் வந்துச்சு. ஒரே வார்த்தை. "வருகிறேன்."

எங்க போறது, யாரோட உக்காருறதுன்னு கேட்டிருக்கீங்க. இதைப் போயி இங்கிலீஷ்ல குறியீடு வாங்கியா சொல்லணும்? இந்த வருசம் எங்க வீட்டுல தீபாவளி கெடையாது. வெடி இல்ல, பலகாரம் இல்ல, புதுத்துணி இல்ல. ஊரெல்லாம் சத்தமா இருக்கும், இந்த வீட்டுல எனக்கு ஒரு வேலையும் இருக்காது. முந்துன நாள் ஞாயித்துக்கிழமை காலையிலயே வந்துருங்க. கம்ப்யூட்டரைக் கொண்டு வராதீங்க.

அவ கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நாற்காலி போட்டிருக்கேன். பேச வேண்டாம், சும்மா உக்காருவோம். உங்களுக்கு இடது பக்கத்து நாற்காலி. அந்தக் காதுலதான் அவளுக்குக் கடைசி வரைக்கும் கொஞ்சம் கேட்டுச்சு.

பாண்டிதுரை